‘இதுல இன்னா வருது?’

விக்கிரவாண்டியில் ஒரு பழைய காரை வைத்திருப்பவனிடம் எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதல் கேள்வி, “எவ்ளோ ஆச்சு?” இதைச் சமாளித்துவிடலாம், கொஞ்சம் குறைத்துச் சொன்னால் போதும். இரண்டாவது கேள்வி, “இதுல இன்னா வருது?” டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள், பெட்ரோல் பங்கில் கேட்டிருக்கிறார்கள், பொங்கல் கூட்டத்தில் டோல்கேட் வரிசை நகராமல் நின்றபோது பக்கத்து வண்டியின் கண்ணாடியை இறக்கியும் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது அப்பா கேட்டதுதான். அவர் கரும்பு போடுகிறவர். மழைக்குக் காத்திருந்து, வெட்டு ஆர்டருக்குக் காத்திருந்து பழகியவர். போட்ட காசு ஏதோ ஒரு ரூபத்தில் திரும்பி வரவேண்டும் என்பது அவருக்குப் பேராசை இல்லை, பிழைப்பு. அவர் கேட்டபோது அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பழைய கார்க்காரர்கள் இந்தக் கேள்விக்கு வழக்கமாக நான்கு பதில்கள் வைத்திருக்கிறார்கள்: பாரம்பரியம், முதலீடு, சுற்றுச்சூழல், கைத்தொழில். நான்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சந்தோஷமாக இருப்பதற்கு ஒரு மனிதன் காரணம் சொல்லியாக வேண்டுமா என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி. கார் அதற்கு ஒரு சாக்கு.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பிறந்தது

வண்டியின் பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இருபது வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. லைசன்ஸ் ராஜ் காலத்தில் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்தவை மூன்று வழிகள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட். ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்தது. அதாவது விக்கிரவாண்டி வழியாகப் போகும் இதே ஜி.எஸ்.டி. ரோட்டில், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வடக்கே.

1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்த கார் இது. உருவத்தை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் 1971 வரை சென்னையில் தயாரானது. கடைசியாக வந்த மார்க் த்ரீக்கு நான்கு கதவுகள். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு நின்றுவிட்ட வண்டிக்கு நம் ஆட்கள் இன்னும் இரண்டு கதவு வைத்தார்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்களின் ஊர் இது.

‘இது ஸ்போர்ட்ஸ் காரா?’ என்று கேட்கலாம். ஆர்.சி. புக்கைக் கேட்டால் இல்லை. 948 சிசி எஞ்சின், நாற்பதுக்கும் குறைவான குதிரைசக்தி. ஆனால் அடியில் இருக்கும் சேஸிஸைக் கேட்டால் வேறு கதை சொல்லும். 1962இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இதே சேஸிஸை நீளம் குறைத்து அதன்மேல் கட்டப்பட்டது. அதையும் வரைந்தவர் மிக்கெலாட்டிதான். ஹெரால்டின் கூரை தனியாக போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. கழற்றிவிட்டால் திறந்த கார். முன்பக்க பானெட் முழுசாக முன்னால் கவிழும், எஞ்சினும் முன் சக்கரங்களும் சஸ்பென்ஷனும் அப்படியே வெளியே தெரியும். அந்த டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இங்கே நுழைய முடியாத காலத்தில், வேகத்தின்மேல் ஆசை வைத்தவர்களுக்குக் கையில் இருந்தவை இவைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் டிராக் வரும்வரை அந்த ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. குடும்பக் கார்களைக் குடைந்து, எடை குறைத்து, கார்புரேட்டரை மாற்றி ஓட்டினார்கள். தமிழ்நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பெரும்பாலும் வாங்கிய பொருள் இல்லை, பட்டறையில் ஆன பொருள்.

எது அசல்?

என் கைக்கு வந்தபோது வண்டிக்குக் கூரை இல்லை. முந்தைய ஓனர் யாரோ கழற்றியிருந்தார். ஆர்.சி. புக்கிலோ மூடிய கார் என்று இருந்தது. தரை முழுக்கத் துரு, உட்கார்ந்தால் ரோடு தெரியும். விழுப்புரத்தில் ஒரு பாய் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “தம்பி, இது வண்டி இல்ல, வண்டியோட அட்ரஸ்” என்றார்.

அதன்பிறகு நான்கு வருடம். தரைக்குப் புது ஷீட் வெட்டி வெல்டிங் வைத்தோம். சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டோம். பிஸ்டன் புதுசு. கிளட்ச் பிளேட்டுக்குப் புது லைனிங் ஒட்டினோம். வயரிங் முழுக்கப் புதுசு. இடது கதவும் கூரையும் சென்னை புதுப்பேட்டையில் வேறொரு செத்த ஹெரால்டிலிருந்து வந்தவை. இப்போது ஓடும் வண்டியில் 1960களின் சென்னை எவ்வளவு, இந்த நான்கு வருடத்து விழுப்புரம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தால் விழுப்புரம்தான் ஜெயிக்கும்.

தத்துவம் படித்தவர்களுக்கு உடனே தீசியஸின் கப்பல் நினைவுக்கு வரும். ஒவ்வொரு பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால், கடைசிப் பலகையையும் மாற்றியபின் அது பழைய கப்பல்தானா? புளூட்டார்க் எழுதிவைத்த பழைய புதிர். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது அசல்? ஹாப்ஸுக்குக் கற்பனைக் கணக்காக இருந்தது புதுப்பேட்டையில் தினசரி வியாபாரம். அங்கே ஒரு வண்டி இருபது வண்டிகளாகப் பிரிந்து போகிறது, இருபது வண்டிகள் ஒன்றாகவும் ஆகின்றன. கடைக்காரரிடம் போய் ‘இது எந்த வண்டியின் கதவு?’ என்று கேட்டால், “ஒனக்கு மாட்டுனா ஒன் வண்டி கதவு” என்பார். ஹாப்ஸுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

அரசாங்கமும் இந்தப் புதிருக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கூடவே ஒரு நிபந்தனை: அந்த வண்டியை வழக்கமான உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவது போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம்.

இதில் தப்பில்லை. பழைய வண்டியால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் இந்த விதிக்குள் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது: பொருள் முக்கியம், அது செய்யும் செயல் இரண்டாம்பட்சம். காரை அதன் தகடுகளின் தொகுப்பாகப் பார்த்தால் இதுதான் சரி. பாயைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். “ஓடுறதுக்குப் பண்ணது தம்பி. ஓடலன்னா பீரோ.” நான் விஏ நம்பருக்குப் போகவில்லை. சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கிறேன். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏறியது. ஓட்டும் உரிமைக்கு அந்த விலை கொடுக்கலாம் என்று எனக்குப் பட்டது. எது அசல் என்ற கேள்வி அத்தோடு எனக்கு முடிந்துவிட்டது. மிஞ்சியது அப்பாவின் கேள்வி.

நான்கு பதில்கள்

முதல் பதில், பாரம்பரியம். சொல்லக் கௌரவமாக இருக்கும். ஆனால் விக்கிரவாண்டியில் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொல்வதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பக்கத்திலேயே பனையபுரம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள சிவன் கோயில். இங்கிருந்து தஞ்சாவூர் போகும் சாலையை நாற்கரமாக்கும் திட்டம் வந்தபோது அந்தக் கோயில் இடிபடுமோ என்ற பயம் வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். கோயில் நிற்கிறது. பாரம்பரியம் என்றால் அது. இல்லாமல் போனால் ஒரு ஊரே எதையோ இழக்கும், அந்த ஊரே அதற்காக வெயிலில் வந்து நிற்கும். என் ஹெரால்ட் நாளைக்கு இல்லாமல் போனால் யாரும் சாலையில் உட்கார மாட்டார்கள். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் ஜீடீ கார் மியூசியத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி எல்லோருக்கும் காட்டுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள். அது பாரம்பரியத்துக்குச் செய்யும் வேலை. கரும்புக் கொல்லை ஓரத்து ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் வண்டிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இரண்டாவது, முதலீடு. “பழைய காருக்கு வெலை ஏறும்ல?” ஏறலாம். ஆனால் துரு அதைவிட வேகமாக ஏறும். தவிர, விற்பதற்காக வைத்திருப்பவன் ஓட்டப் பயப்படுவான். ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையைக் குறைக்கும் என்று நினைப்பவனுக்கு அந்தக் கிலோமீட்டரில் சந்தோஷம் இருக்காது.

மூன்றாவது, சுற்றுச்சூழல். புது கார் செய்ய இரும்பு உருக்க வேண்டும், பிளாஸ்டிக் வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும். இருப்பதையே ஓட்டினால் அதெல்லாம் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. கால்வாசி உண்மையும் இருக்கிறது. மீதி முக்கால்? இந்த வண்டியின் சைலன்சரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. இந்தியாவில் புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானதே 1995இல், அதுவும் முதலில் நான்கு பெருநகரங்களில் மட்டும். இன்றைய கார் ஒன்றோடு ஒப்பிட்டால், ஒரு கிலோமீட்டருக்கு என் வண்டி விடும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் பல மடங்கு. பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்தைச் சுளிக்கும்போது ‘நான் பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல முடியாது.

இந்த வண்டி பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சின் ‘நாக்’ அடிக்காமல் இருக்கவும், வால்வ் சீட் தேயாமல் இருக்கவும் அது உதவியது. ரோட்டோரத்துக் குழந்தைகளின் ரத்தத்திலும் அதே ஈயம் கலந்தது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று நிரூபணமான பிறகும் பல வருடம் விற்றார்கள். இந்தியா முழுக்க நிறுத்தப்பட்டது 2000இல். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. ‘அந்தக் காலத்து டிரைவிங் சுகம்’ என்று நாம் ஏங்கும் அந்தக் காலத்தில், அந்தச் சுகத்துக்கான பில்லை யாரோ சில குழந்தைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று நான் ஈயமில்லாத பெட்ரோல்தான் போடுகிறேன், அதற்கேற்ற கடினமான வால்வ் சீட் மாட்டி. இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸையும் கேஸ்கட்டையும் அரிக்கும் என்பதால் அவற்றையும் மாற்றியாகிவிட்டது. எத்தனாலில் ஒரு பங்கு கரும்பிலிருந்து வருகிறது. அப்பா போடும் பயிர் என் கார்புரேட்டரைத் தின்னப் பார்க்கிறது என்று சொன்னேன். “அப்பவாவது எதுனா ஒன்னு சம்பாரிச்சுச்சே” என்றார்.

நான்காவது பதில், கைத்தொழில். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் இதை மற்றவற்றைவிடக் கடுமையாகப் பார்க்க வேண்டும். மேத்யூ கிராஃபோர்ட் என்ற அமெரிக்கர் அரசியல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்தார். கையால் செய்யும் வேலை மூளையால் செய்யும் வேலைதான், இரண்டையும் பிரித்ததில் நாம் நிறைய இழந்தோம் என்று 2009இல் ஒரு புத்தகம் எழுதினார். நம் ஊரிலேயே ஜி.டி. நாயுடு கதை இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரரிடம் பார்த்த மோட்டார் சைக்கிள்மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து வாங்கி, அதை முழுக்கப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

பாயிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். அவர் டிங்கரிங் சுத்தியலைக் கீழே வைக்காமல் கேட்டார். பத்து வயதில் ஹெல்ப்பராக வந்தவர். காதில் ஒரு பக்கம் சரியாகக் கேட்காது, சுத்தியல் சத்தம். தின்னர் வாசனைக்கு மூக்கு செத்துப்போய்விட்டது என்று அவரே சொல்வார். “தம்பி, இத வெச்சுத்தான் ரெண்டு பசங்களப் படிக்க வெச்சேன். எதுக்குப் படிக்க வெச்சேன்? இதுக்கு வந்துரக் கூடாதுன்னுதான்.” பட்டறையில் கடைசியாக இருந்த பையன் ஒரகடத்தில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். பாய்க்கு அதில் வருத்தம் இல்லை. “பி.எஃப். புடிக்கிறாங்களாம்” என்று பெருமையாகத்தான் சொன்னார்.

அவர் கையில் இருக்கும் அறிவு பெரிய அறிவு, சந்தேகமில்லை. வளைந்த தகட்டின்மேல் உள்ளங்கையை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத மேட்டைக் கண்டுபிடிப்பார். ஆனால் அந்த அறிவு அழியக்கூடாது என்று நான் சொல்லும்போது, அதைச் சுமக்க வேறு வீட்டுப் பையன் ஒருவன் வேண்டும் என்றுதானே சொல்கிறேன்? என் அக்கா பையனை டிங்கரிங்குக்கு அனுப்புவேனா? இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாதவரைக்கும், கைத்தொழிலைக் காப்பாற்றுகிறேன் என்ற பதிலையும் கீழே வைத்துவிடுவதுதான் மரியாதை.

ஆறு மணிக்கு மேல் இல்லை

சரி, பதில்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பது அந்தச் சந்தோஷம் மட்டும். அது என்ன மாதிரி?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி சுமாருக்கு எடுப்பேன். சோக்கை இழுத்துப் பிடித்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் சூடாகும்வரை ஐட்லிங்கில் இருமிக்கொண்டிருக்கும். ஹைவேக்குப் போவதில்லை. செஞ்சிப் பக்கம் போகும் உள் ரோடுகள்தான். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி நகரும்போது முதலுக்கு வரவேண்டுமென்றால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். சரியாக அமைந்தால் லிவர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அமையவில்லையென்றால் பல்லைக் கடிக்கும், ஊருக்கே கேட்கும். பவர் ஸ்டீயரிங் இல்லை. ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு ஒட்டும் கைக்கு வரும். கண்ணை மூடினாலும் புதுத் தார் எங்கே முடிந்தது என்று உள்ளங்கை சொல்லிவிடும். வண்டி திரும்பும் வட்டம் சுமார் 25 அடி. கடைத்தெருவில் ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே வீச்சில் திரும்பும்போது எதிரே நிற்கும் ஆட்டோக்காரர் சிரிப்பார். வேகம் ஐம்பது, அறுபது. ஒரு ஸ்கூட்டர் என்னைத் தாண்டிப் போகும். ஆனால் அந்த ஐம்பதை நான் *ஓட்டுகிறேன்*. புது கார்களில் நூறில் போகும்போது அப்படி ஒரு உணர்வு வருவதில்லை, உட்கார்ந்திருக்கிறோம் அவ்வளவுதான்.

சந்தோஷம் என்பது ஒரு செயலைச் செய்துமுடித்த பிறகு கையில் கிடைக்கும் கூலி இல்லை, நன்றாகச் செய்யப்படும் செயலுக்குள்ளேயே வந்து அதை நிறைவாக்குவது என்ற பொருளில் அரிஸ்டாட்டில் பேசியிருக்கிறார். கிளட்சை இரண்டு முறை மிதித்து முதல் கியர் சத்தமில்லாமல் விழும் அந்த அரை நொடியில் எனக்கு அது புரிகிறது. ‘இதுல இன்னா வருது?’ என்ற கேள்வி, வருவது வேறு, செய்வது வேறு என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே இரண்டும் ஒன்று. வெளியே வந்து விழ எதுவும் இல்லை.

ஒரு விஷயத்தையும் கவனித்தேன். இந்தக் கேள்வி எல்லோரையும் சமமாகக் கேட்பதில்லை. சென்னையில் பழைய கார் ஊர்வலத்தில் வெள்ளைத் தொப்பி போட்டு வருகிற பெரிய வீட்டுக்காரரை யாரும் ‘இதுல என்ன வருது’ என்று கேட்பதில்லை. அவருக்கு அது ‘பொழுதுபோக்கு’. கரும்புக்காரர் மகன் செய்தால் ‘வீண்செலவு’. சந்தோஷத்துக்குக் காரணம் கேட்கப்படுவது எப்போதும் கீழே இருப்பவர்களிடம்தான். இன்றைக்கு அந்தக் கேள்வி புது வேஷத்திலும் வருகிறது. பாடத் தெரிந்தால் சேனல் ஆரம்பி, சமைக்கத் தெரிந்தால் ரீல்ஸ் போடு, படம் வரைந்தால் விற்றுப் பார். என் வண்டியைப் பார்த்த நண்பர்களில் பாதிப்பேர், “மச்சான், இத வெச்சு யூடியூப்ல கன்டென்ட் பண்ணலாம்டா” என்றார்கள். அப்பாவின் கேள்வியே மேல். அவர் வறட்சியைப் பார்த்துப் பயந்து கேட்கிறார். இவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்துப் பயந்து சொல்கிறார்கள்.

ஆகவே என் பதில்: சந்தோஷத்துக்கு நியாயம் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை இங்கேயே நிறுத்திவிட்டால் அது பெரிய வீட்டுக்காரரின் பதிலாகிவிடும். பைக்கில் பின்னால் வந்து முகம் சுளித்தவர் இன்னும் அங்கேயே இருக்கிறார்.

நியாயம் வேறு, கணக்கு வேறு

என் சந்தோஷத்துக்கு நியாயம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அதற்கான செலவை யார் கட்டுகிறார்கள் என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். அதனால்தான் பாரம்பரியம், முதலீடு என்று பெரிய வார்த்தைகளைத் தேடுகிறோம். பெரிய நியாயம் ஒன்று கிடைத்துவிட்டால் சின்னச் சின்னப் பில்களை யாரும் நீட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. நியாயத்தை விட்டுவிட்டால் பில்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

முதல் பில் புகை. கார்புரேட்டர் மிக்சரைச் சரியாக வைத்தால் குறையும், போகாது. ஆறரை மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறேன், ரோட்டில் ஆள் நடமாட்டம் கூடும் முன். மாதத்துக்கு நூறு கிலோமீட்டர் தாண்டுவதில்லை. இந்தப் பில்லை நான் முழுசாகக் கட்டிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். குறைத்திருக்கிறேன்.

இரண்டாவது பில், மற்றவர் உயிர். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ‘ஸ்விங் ஆக்ஸில்’ என்ற அமைப்பில் இருக்கின்றன. வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கிக்கொண்டு வண்டியின் பின்பகுதி ஓடிவிடும். 1965இல் ரால்ஃப் நேடர் அமெரிக்காவில் கார் கம்பெனிகளைக் கிழித்து எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயமே இப்படிப்பட்ட ஆக்ஸில் கொண்ட இன்னொரு காரைப் பற்றியது. திண்டிவனம், விழுப்புரம் ஹைவேயில் ஆம்னி பஸ்களுக்கு நடுவே இந்த வண்டியோடு போய் ஒரு நாய் குறுக்கே வந்தால், ஆபத்து எனக்கு மட்டும் இல்லை. அதனால் ஹைவே கிடையாது.

மூன்றாவது பில்தான் கஷ்டமானது. அக்கா பையனுக்கு எட்டு வயது. பானெட் கவிழ்வதைப் பார்த்த நாளிலிருந்து, “மாமா, ஒரே ஒரு ரவுண்டு” என்று நிற்கிறான். பின் சீட்டில் பெல்ட் இல்லை, ஏர்பேக் என்ற சொல்லே இல்லாத காலத்து வண்டி. அக்கா எதுவும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் ரிஸ்க் எடுப்பது என் இஷ்டம். அவனுக்காக அந்த இஷ்டத்தை நான் எடுத்துக்கொள்ள முடியாது. கொல்லைக்குள், கரும்பு வண்டி திரும்பும் களத்தில், முதல் கியரில் சுற்றிக் காட்டுகிறேன். ரோட்டுக்கு ஏற்றுவதில்லை. அவனுக்குக் கோபம். இந்தச் சந்தோஷத்தின் விலையில் அந்தக் கோபமும் சேரும், அதை நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பாய். கைத்தொழில் வாழ்க என்று கட்டுரை எழுதுவதால் அவருக்கு எதுவும் ஆகப்போவதில்லை. அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பது, வேலை முடிந்த அன்றே கொடுப்பது, பெயிண்ட் அடிக்கும்போது போட நல்ல மாஸ்க் வாங்கித் தருவது. இவ்வளவுதான் என்னால் முடிந்தது. மாஸ்கை அவர் பாதி நாள் ஆணியில் மாட்டிவிடுகிறார். “மூச்சு முட்டுது தம்பி.” இருந்தாலும் வாங்கித் தருகிறேன்.

ஐந்தாவது, வீடு. வண்டிக்குப் போகும் காசு வீட்டுக் காசிலிருந்து போகிறது. அப்பா கேட்ட கேள்வியின் நேரான அர்த்தம் அதுதான். இந்த இடத்தில் நான் அவரிடமே ஒரு பழைய விஷயத்தைக் கேட்டேன். எங்கள் வீட்டில் நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு ஜோடி மாடு இருந்தது. டிராக்டர் வந்து உழவு போனபிறகும் அவர் அவற்றை விற்கவில்லை. கொம்பு சீவி பெயிண்ட் அடிப்பார், பித்தளைக் குப்பி மாட்டுவார், சலங்கை கட்டுவார். மாட்டுப் பொங்கலன்று ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வரும்போது அவர் முகத்தை வேறு எந்த நாளிலும் அப்படிப் பார்த்ததில்லை. “அந்த மாட்டுல இன்னா வந்துச்சுப்பா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய செலவு நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். கரும்புக்கு ஒரு பக்கம், நெல்லுக்கு ஒரு பக்கம், ரெண்டிலும் வரவு, செலவு என்று நடுவில் கோடு. மாட்டுக்குத் தனிப் பக்கம். அதில் கோடு போடவில்லை. தவிடு, புண்ணாக்கு, லாடம், வைத்தியர், பெயிண்ட் டப்பா ஒன்று என்று பக்கம் முழுக்கச் செலவு மட்டும், தேதி போட்டு, பைசா வரைக்கும்.

“இதுல ஒன்னும் வராதுன்னு தெரிஞ்சுதான் கோடு போடல. ஆனா ஒரு நாளும் எழுதாம வுட்டதில்ல” என்றார்.